பக்கத்துக்கு இருபது ரூபாய்

தம்புச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
'லிஃப்ட் வேலை செய்யாது' என்ற அட்டை
நான் அடித்துக் கொடுத்தது, நாலு வருஷம் முன்பு.
ஏறும்போது படித்துப் பார்த்தேன்.
எழுத்துப்பிழை இல்லை.

வக்கீல் மணவாளன் எழுந்து நின்றார்.
பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.
எப்போதும் நான் கதவருகே நிற்பேன்,
அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து
அரைப் பக்கத்துக்கு முழுக்காசா என்று வாதாடுவார்.
இன்று நாற்காலியைத் துடைத்து
"உட்காருங்க பிலோமினா" என்றார்.
உட்கார்ந்ததும்
கட்சிக்காரி ஆனேன்.

கையைக் காட்டச் சொன்னார்.
ஆள்காட்டி விரல் இரண்டாம் கணுவோடு நின்றுவிட்டது.
நடுவிரல் நகத்தோடு போனது.
மூடி திறந்திருந்தால் ஓடாது என்று
மிக்ஸிப் பெட்டியின் மேலேயே படம்:
ஒரு பூட்டு, சிரிக்கிற பெண்.
மூடி திறந்திருந்தது. குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.
ஓரத்துச் சட்னியை வழித்தேன்.
ஓடியது.

பில் இருக்கா?
ஈவ்னிங் பஜார் கடைப் பில்,
பர்சுக்குள் இருந்து இருந்து
வெறும் தாளாகிவிட்டது.
சாய்த்துப் பார்த்தார்.
"எட்டு தெரியுது. ஏதோ ஒரு எட்டு."

மிக்ஸி?
பரண்மேல்.
அப்படியே இருக்கா?
நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வருமுன்
சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்,
திரும்பி வந்து நான் பார்க்கக்கூடாது என்று.
மணவாளன் பேனாவை மூடினார். திறந்தார்.
"சாட்சியைக் குளிப்பாட்டிட்டீங்க."

கம்பெனியின் பதிலை நீட்டினேன்.
நாலே வரி.
மேற்படி காயம் மனுதாரரின்
கவனக்குறைவால் ஏற்பட்டதேயன்றி...
அவர் படிக்கட்டும் என்று சன்னலைப் பார்த்தேன்.
நான் படிக்க வேண்டியதில்லை.
அந்த 'ஏற்பட்டதேயன்றி' என் விரல்களுக்குப் பழக்கம்.
லாரிக் கம்பெனிக்கு, காஸ் ஏஜென்சிக்கு, லிஃப்ட் கம்பெனிக்கு
எத்தனையோ பேரின் கவனக்குறைவை
நாலு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
ஒரு தடவை, ஏழு வயதுக் குழந்தையின் கவனக்குறைவை.
அன்று படித்துவிட்டு அடித்தேனா, நினைவில்லை.
நடுவில் டீ வந்தது நினைவிருக்கிறது.

ஃபீஸ் கேட்டேன்.
"அப்புறம் பார்த்துக்கலாம்."
அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.
வேண்டாம், தொகை சொல்லுங்க என்றேன்.
சொன்னார். கொஞ்சம் அதிகம்தான்.

மனுவை யார் அடிப்பது என்ற இடத்தில்
இருவரும் பேசவில்லை.
கீழே ஒரு மீன்பாடி வண்டி
பின்வாங்க இடமில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.

தமிழ் விசைப்பலகையில்
உயிரெல்லாம் இடக்கைக்கு.
மெய், ஏறக்குறைய எல்லாம், வலக்கைக்கு.
என் உயிர் ஐந்து விரலில் பத்திரமாக இருக்கிறது.
ககரத்துக்கும் மகரத்துக்கும்தான் ஆள் இல்லை.
மோதிர விரலை அனுப்பினேன்,
தகரத்தை விட்டு நகர்ந்து பழகாதது அது.
'மிக்ஸி' என்று வரும் இடத்திலெல்லாம்
இல்லாத இரண்டு விரலும்
முந்திக்கொண்டு ஓடின.

பதினொன்றுக்கு உட்கார்ந்தேன்.
நாலரைக்கு மூன்று பக்கம்.
கடைசி வரி எல்லா மனுவிலும் வருவதுதான்:
மேலே கண்டவை யாவும் உண்மை.
அதை அடிக்குமுன்
முதல்முறையாக
மேலே போய்ப் படித்தேன்.

மறுபடி மூன்று மாடி.
"மூணு பக்கம், அறுபது ரூபாய்.
உங்க ஃபீஸ்ல கழிச்சுக்குங்க."

மணவாளன் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"கடைசிப் பக்கம் பாதிதானே இருக்கு?"

அப்போதுதான் எனக்கு
அவர்மேல் நம்பிக்கை வந்தது.